ஒரே மூச்சில் ஒன்பதும் பத்தும்

மணாலி
20 பிப்ரவரி 2025

ஒச்சம்மாள் அக்காவுக்கு,

நரிக்குடி அய்யப்பன் எழுதுறேன். பத்து நாளா போன் அடிக்கிறேன், நீங்க எடுக்கலை. வாட்ஸப்புல ஒங்க படத்தையும் காணோம். என் நம்பரை அடைச்சிட்டீகன்னு புரிஞ்சது. அருப்புக்கோட்டை வத்தல் கடை விலாசம் நீங்க அனுப்பின பேர் லிஸ்டுல இருந்தது. அதனால இந்தக் கடிதம்.

முதல்ல நன்றி சொல்லிக்கிறேன். பிப்ரவரி ரெண்டாம் தேதி ஒங்க வத்தல் மண்டி சோலைச்சாமி அண்ணன் பனியில வழி தவறிப் போனப்ப நாங்க எல்லாரும் ஓடைப் பக்கமே தேடிக்கிட்டிருந்தோம். “அந்த மூணு மரத்துப் பக்கம், மேட்டுல பாத்தீகளா தம்பி?”ன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். கேக்கலேன்னா அண்ணன் உசுரோட திரும்பியிருக்க மாட்டாக. மதுரை ஆஸ்பத்திரியில இடது கால்ல ரெண்டு வெரலை எடுத்துட்டாகன்னு கேள்விப்பட்டேன். அதுலருந்து எனக்குச் சோறு இறங்கலை.

இப்ப விஷயத்துக்கு வாரேன். அண்ணன் மகன் ராம்குமார் இங்க சுற்றுலா ஆபீஸ்ல புகார் குடுத்திருக்காரு. என் வழிகாட்டி லைசென்ஸை நிறுத்தி வச்சிட்டாக. ஏப்ரல் 8 விசாரணை. புகாரோட ஒரு தாள் இணைச்சிருக்கு. “வழிகாட்டி வழியில் எந்த இடத்திலும் ஆட்களை எண்ணவில்லை” அப்படீன்னு. அதுக்குக் கீழ ஒம்பது கையெழுத்து. அன்னைக்கு வந்த பத்துப் பேர்ல அண்ணனைத் தவிர எல்லாரும். ஏழாவது கையெழுத்து ஒங்களுது.

அக்கா, நான் எண்ணினேன். காலையில கிளம்பும்போதே வரிசைப்படி ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்தேன். முன்னாடி ஸ்கீ மாட்டின ஆறு பேரு, ஒண்ணுலருந்து ஆறு. பின்னாடி, கால் பனியில பொதையாம இருக்க ஸ்னோஷூ கட்டின நாலு பேரு, ஏழுலருந்து பத்து. அண்ணன் ஒம்பது, கடைசியா நீங்க பத்து. நான் கை தூக்கினா அவங்கவங்க நம்பரை அவங்கவங்க கத்தணும். மூணு தடவை எண்ணினேன். மூணாவது, ரெண்டு பத்துக்கு, திரும்பி வார வழியில, பனி கொட்ட ஆரம்பிச்ச அந்த வளைவுல. பத்து நம்பரும் வந்துச்சு. ரெண்டு நாப்பதுக்குக் காப்பி போட்ட இடத்துக்கு வந்து பாத்தா ஒம்பது பேருதான்.

எண்ணினேன்னு நான் சொல்றேன், எண்ணலைன்னு ஒம்பது பேரு சொல்றீக. ஆபீஸ்ல யாரை நம்புவாக? பொய் சொன்னேன்னு ஆயிட்டா லைசென்ஸ் ஆயுசுக்கும் போச்சு. பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்து கத்துக்கிட்ட ஒரே தொழில் இது. நரிக்குடிக்குத் திரும்பி வந்தா கருவேல முள்ளைத் தவிர எனக்கு வெட்ட ஒண்ணும் இல்லை.

நான் எண்ணினதை நீங்க கேட்டீக. கேட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அது போதும்.

அய்யப்பன்


அருப்புக்கோட்டை
27.2.2025

தம்பி அய்யப்பனுக்கு,

கடுதாசி வந்து சேந்தது. போன்ல ஏன் பேசலைன்னா, போன்ல பேசுறது நாளைக்கு யாரு காதுல போய் ஒலிக்கும்னு தெரியாது. நான் பத்து வார்த்தை பேசினா அதுல ரெண்டை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவாக. தாள்ல எழுதினா நான் எழுதினது நான் எழுதினதுதான். இதுல கோவப்பட ஒண்ணும் இல்லை.

நீ சொல்ற தாளை ராம்குமார் மண்டிக்கே கொண்டாந்தான். ஏலம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிக்கிற நேரம். அப்பாவுக்கு வெரல் போச்சேன்னு அவன் கண்ணெல்லாம் செவந்து நிக்கிறான். ஒருத்தர் போட்டாரு, அடுத்தவரு போட்டாரு, எங்கிட்ட வந்துச்சு, போட்டேன். அந்த எடத்துல நான் மட்டும் தாளைத் தள்ளி வச்சா என்ன பேச்சு கெளம்பும்னு ஒனக்குத் தெரியாது. நீ மலை மேல இருக்க.

சோலைச்சாமி எனக்கு யாருன்னும் ஒனக்குத் தெரியாது, சொல்றேன். மல்லாங்கிணறு சந்தையில தரையில சாக்கு விரிச்சு வத்தல் கூறு கட்டி வித்தவ நான். மொதமொதல்ல இந்த மண்டி ஏலத்துக்கு வந்தப்ப, பொம்பளைக்கு இங்க என்ன சோலின்னு ஒருத்தன் நாக்காலியில கால் தூக்கி வச்சுக்கிட்டான். சோலைச்சாமி அண்ணந்தான் தன் பக்கத்து நாக்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரு தாயி, வெலை சொல்றதுக்கு மீசை வேணும்னு சட்டம் இல்ல”ன்னாரு. பதினாலு வருஷமா அந்த நாக்காலியிலதான் உக்காந்திருக்கேன். அவரு குடும்பத்துக்கு எதிரா என் கை எழுதாது.

இந்தப் பயணமே என் தலையில விழுந்ததுதான். கொடைக்கானல் போதும்னேன். சின்னப் பயலுகதான் போன்ல படம் காட்டி, பனியில நடக்கணும், ஸ்கீயில வழுக்கணும்னு ஆட்டம் போட்டாக. நம்ம ஊர்க்காரப் பயலே இருக்கான்னு ஒன்னைத் தேடிப் புடிச்சதும் நாந்தான். காலுல ரெண்டு மொறத்தைக் கட்டிக்கிட்டு நடந்த மாதிரி அந்த ஸ்னோஷூவோட நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். குல்லாவுக்குள்ள காது அடைச்சுக் கெடந்துச்சு. நீ எண்ணினியோ, பாட்டுப் பாடினியோ, எனக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லாததை எழுதிக் குடுக்க முடியாது.

ஒரு நல்ல வக்கீலைப் பாரு.

ஒச்சம்மாள்


மணாலி
6 மார்ச் 2025

அக்கா,

ஞாபகம் இல்லைன்னு எழுதியிருக்கீக. எனக்கு ஞாபகம் இருக்கிறதை எழுதுறேன். படிச்சுப் பாருங்க.

பட்டாளத்துல ரோந்து போகும்போது இப்படித்தான் எண்ணுவோம். முன்னாடி நிக்கிறவனுக்கு மொகம் தெரியாது, குரல்தான் தெரியும். அதனால காது பழகிரும். ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவுல ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். முன்னாடி ஆள் சொல்லி முடிக்கிறதைக் கேட்டுட்டுத்தான் அடுத்த ஆள் வாயைத் திறப்பான்.

அன்னைக்கு மொத ரெண்டு எண்ணிக்கையில அப்படித்தான் வந்துச்சு. ரெண்டாவது தடவை அண்ணன் “ஒம்போது”ன்னு ஏலம் விடுற மாதிரி இழுத்துச் சொன்னாரு, பயலுக சிரிச்சாங்க. மூணாவது தடவை, ரெண்டு பத்துக்கு, ஏழு வந்துச்சு, நின்னுச்சு. எட்டு வந்துச்சு, நின்னுச்சு. அப்புறம் “ஒம்பது பத்து”ன்னு வந்துச்சு. நடுவுல மூச்சு இல்லை. இழுவையும் இல்லை. காத்து எதிர்ல அடிச்சது, பனி கண்ணுல குத்துது, சரி கெடக்கு, பத்தும் வந்திருச்சேன்னு திரும்பிட்டேன். அது என் தப்பு. நின்னு இன்னொரு தடவை எண்ணியிருக்கணும்.

ஒரு மாசமா அந்த ரெண்டு நம்பரும் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. ரெண்டும் ஒரே குரல்.

பத்து நீங்க. ஒம்பதைச் சொன்னது யாரு அக்கா?

இதை நான் இன்னும் யார்ட்டயும் சொல்லலை. ஒங்ககிட்ட மட்டும் கேக்குறேன்.

அய்யப்பன்


அருப்புக்கோட்டை
12.3.2025

அய்யப்பா,

நல்லா இருக்குய்யா ஒன் நியாயம். மலையைக் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போனவன் நீ. ஆளைத் தொலைச்சவன் நீ. இப்ப அம்பத்திரெண்டு வயசுப் பொம்பளை மேல பழியைத் தூக்கிப் போடப் பாக்குற. எங்கிட்ட விலை பேசிப் பாக்குறியா? நான் இந்த மாதிரி ஆளுக நூறு பேரைப் பாத்துட்டுத்தான் கடை வச்சிருக்கேன்.

நீ கேட்ட மாதிரி நானும் ஒண்ணு கேக்குறேன். காலையில எங்களை நிக்க வச்சுப் பாடம் எடுத்தியே. முன்னாடி நீ, கடைசியில ஒன் ஒத்தாசை ஆள் தேவ்ராம், தேவ்ராமுக்குப் பின்னாடி யாரும் போகக் கூடாதுன்னு. ரெண்டு பத்துக்கு அந்த தேவ்ராம் எங்க இருந்தான்? எனக்குப் பின்னாடி எவனும் இல்லை. வெறும் பனிதான் இருந்துச்சு. அதை ஆபீஸ்ல சொன்னியா? மொதல்ல அதைச் சொல்லு, அப்புறம் எம் மூச்சை அளக்க வா.

சோலைச்சாமி அண்ணன் திங்கக்கிழமை மண்டிக்கு வந்தாரு. கம்பு ஊணிக்கிட்டு, காலுல துணி சுத்தி, தேச்சுத் தேச்சு நடந்து வந்து உக்காந்தாரு. வந்தவுக போனவுக எல்லார்ட்டயும் ஒரே பேச்சு: “இந்தா இருக்கால்ல ஒச்சம்மா, இவ மட்டும் மரத்துப் பக்கம் பாருன்னு சொல்லலேன்னா நான் அங்கனயே வெறைச்சுப் போயிருப்பேன்.” மண்டியே என்னைப் பாத்துக் கும்பிடுது. இதுல நீ வேற.

இதோட நிப்பாட்டிக்க. இனி கடுதாசி போடாத.

ஒச்சம்மாள்


மணாலி
18 மார்ச் 2025

அக்கா,

போடாதன்னு சொல்லியும் போடுறேன். இதுக்கு அப்புறம் போட மாட்டேன்.

தேவ்ராம் எங்கன்னு கேட்டீக. நியாயமான கேள்வி. பதில் எழுதுறேன்.

ஒரு மணிக்கு ஒங்க ஆளுக புளிசாதப் பொட்டலத்தைப் பிரிச்சப்ப அது கல்லாட்டம் இறுகிக் கெடந்துச்சு. “சூடா ஒரு வாய் காப்பி இல்லாம இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம்”னு நீங்க உக்காந்துட்டீக. மத்தவங்களும் ஒங்க கூடச் சேந்துக்கிட்டாக. கடைசியில நடக்க வேண்டிய தேவ்ராமை, அடுப்பு பத்த வைக்க முன்னாடி அனுப்பினேன். அனுப்பினது நான். கேட்டது நீங்கன்னாலும் முடிவு என்னுது. வரிசையோட கடைசி ஆளை என்ன காரணத்துக்கும் எடுக்கக் கூடாது. பட்டாளத்துல நான் இதைச் செஞ்சிருந்தா தண்டனை வாங்கியிருப்பேன்.

இதை ஆபீஸ்ல சொல்லலையான்னு கேட்டீக. நீங்க கேக்குற வரைக்கும் சொல்லலை. பயந்தேன். ஒங்க கடிதம் வந்த அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன். அங்க இருக்கிற அதிகாரி படிச்சிட்டு என்ன சொன்னாருன்னா, “கடைசி ஆளை அனுப்பினதுக்கு ஒரு சீசன் நிறுத்தி வைப்போம். ஆனா எண்ணினேன்னு நீ சொல்றது பொய்னு ஆச்சுன்னா, லைசென்ஸே கெடையாது. எண்ணினதுக்குச் சாட்சி கொண்டு வா.”

அவ்வளவுதான் அக்கா. ஒங்களைக் குத்தம் சொல்லணும்னு எனக்கு ஆசை இல்லை. ஒம்பதுங்கிற நம்பரை யாரோ சொன்னாகன்னா, நான் கை தூக்கியிருக்கேன்னு அர்த்தம். நான் கை தூக்கினா எண்ணியிருக்கேன்னு அர்த்தம். எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

அய்யப்பன்


அருப்புக்கோட்டை
27.3.2025

தம்பி,

என்ன எழுத ஆரம்பிச்சாலும் சுத்தி வளைச்சுத்தான் வருது. நான் அப்படிப் பேசுறவ இல்ல. நேரா எழுதுறேன்.

ஒம்பதைச் சொன்னது நாந்தான்.

எங்க மண்டியில ஒரு பழக்கம் இருக்கு. ஏலம் ஓடிக்கிட்டிருக்கும்போது ஒருத்தர் டீக் குடிக்கவோ ஒண்ணுக்குப் போகவோ எந்திரிச்சா, பக்கத்து நாக்காலி ஆள் தோளை ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவாரு. அதுக்கப்புறம் அவரு வார வரைக்கும் அவரு வெலையையும் சேத்துப் பக்கத்து ஆள்தான் சொல்லணும். திரும்பி வந்தவரு, ஏன் எடுத்தே, ஏன் விட்டேன்னு கேக்கக் கூடாது. யாரு தோளை வேணும்னாலும் தட்டிர மாட்டாக. நம்பின தோளைத்தான் தட்டுவாக. பதினாலு வருஷத்துல அவரு எனக்குச் சொன்னதும் நான் அவருக்குச் சொன்னதும் கணக்கே இல்ல.

அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி அண்ணன் ஒண்ணுக்குப் போக வரிசையிலருந்து வெலகி என் தோளைத் தட்டினாரு. ரெண்டு தட்டு. தடிக் கோட்டுக்கு மேலயும் எனக்குத் தெரிஞ்சது. போய்ட்டாரு. ஒரு நிமிசத்துல நீ கை தூக்கினே. ஏழு, எட்டுன்னு வருது. என் வாயி யோசிக்கவே இல்ல தம்பி. அவரு பங்கையும் என் பங்கையும் சேத்துச் சொல்லிருச்சு.

இதை எழுதாம விட்டிருப்பேன். போன வியாழக்கிழமை ஏலத்துல பேரன் பள்ளிக்கூடத்துலருந்து போன் வந்துச்சு, வெளிய போய்ப் பேசிட்டு வந்தேன். நான் அண்ணன் தோளைத் தட்டலை. தட்டுற தைரியம் எனக்கு இல்ல. வந்து பாத்தா, “முண்டு வத்தல் நல்ல சரக்கா வந்துச்சு, ஒனக்கு எடுத்துருக்கேன்”ங்கிறாரு. அந்த ஊணுகம்பைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. எனக்கு உக்கார முடியலை.

ஏலம் முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் சொன்னேன். “அய்யப்பன் எண்ணினான். ஒங்க நம்பரை நாந்தான் சொன்னேன். அந்தத் தாள்ல நான் போட்ட கையெழுத்து பொய்”ன்னேன். ராம்குமார் குதிச்சான். அண்ணன் அவனை அடக்கிட்டு எங்கிட்டத் திரும்பி, “தட்டினது ஒனக்குத் தெரிஞ்சதா? அந்தக் கம்பளிக்கு மேல தெரிஞ்சிருக்காதுன்னுல்ல நெனச்சேன். தட்டினேன், சொன்ன. அதான் மொறை. இதுல என்ன தப்பு?”ன்னுட்டாரு. அப்புறம், “எந்தப் பக்கம் போனேன்னு பாக்கலையாக்கும்?”னாரு.

“பனி மறைச்சிருச்சுண்ணே”ன்னேன்.

தம்பி, பனி மறைக்கலை. பாத்தேன். திரும்பிப் பாத்தேன். அவரு மேட்டுப் பக்கம் அந்த மூணு தேவதாரு மரத்தைப் பாத்துப் போறதை, ஒரு கால் ஸ்னோஷூ வார் அவுந்து இழுபடுறது மொதக்கொண்டு பாத்தேன். வந்துருவாருன்னு நடந்துட்டேன். காப்பி நெனப்பு. ரெண்டு நாப்பதுக்கு நீ, “கடைசியா யாரு பாத்தது?”ன்னு கேட்டே. என் வாய் வரைக்கும் வந்துச்சு. மரத்துப் பக்கம் போனாருன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன? அப்ப ஒம்பதைச் சொன்னது யாருன்னு. ஒரு நிமிசம் கழிச்சுச் சொல்லுவோம்னு நெனச்சேன். ஒரு நிமிசம் போனதுக்கப்புறம், ஏன் ஒரு நிமிசம் சும்மா இருந்தேன்னு கேப்பாகளேன்னு இருந்துச்சு. பத்து நிமிசம் ஆச்சு. அப்புறம் சொல்லவே முடியலை. மூணு நாப்பதுக்கு, எனக்கு ஏதோ தோணின மாதிரி, “அந்த மரத்துப் பக்கம் பாத்தீகளா தம்பி?”ன்னு கேட்டேன். அதுக்குத்தான் ஊரே என்னைக் கும்பிடுது. நீயும் நன்றி எழுதினே.

இதோட ரெண்டு தாள் வச்சிருக்கேன். மொத தாள்ல, நீ எண்ணினதும் நான் நம்பர் சொன்னதும். ரெண்டாவது தாள்ல, நான் பாத்ததும் ஒரு மணி நேரம் வாய மூடி இருந்ததும். ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டு நோட்டரி முத்திரையும் வாங்கிட்டேன். ஒண்ணா எழுதும்மான்னு முத்திரை போட்ட வக்கீல் சொன்னாரு. நாந்தான் தனித் தனியா எழுதினேன்.

ஒனக்கு எது வேணுமோ குடுத்துக்க.

ஒச்சம்மாள்


மணாலி
10 ஏப்ரல் 2025

அக்கா,

விசாரணை முடிஞ்சது. ஒங்க மொத தாளை இங்க உள்ள பாஷையில மாத்தி வாசிச்சாங்க. நான் எண்ணினேன்னு ஒத்துக்கிட்டாங்க. தேவ்ராமை அனுப்பினதுக்காக அடுத்த ஜனவரி கடைசி வரைக்கும் லைசென்ஸ் இல்லை. அதுக்கப்புறம் உண்டு. அதுவரைக்கும் ஆப்பிள் தோட்டத்துல வேலை பேசியிருக்கேன். பிழைச்சுக்கிறேன். அந்த அளவுக்கு ஒங்களுக்கு நன்றி.

இப்ப ரெண்டாவது தாள். அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு ஒங்க மேல இருந்த கோவத்தை எழுதினா இந்தக் கடிதத்தை நீங்க கிழிச்சுப் போடுவீக. அந்த ஒரு மணி நேரம் நான் ஓடையில இடுப்பு வரைக்கும் எறங்கித் தேடினேன். பனிக்குக் கீழ தண்ணி ஓடுது, எந்த எடத்துல கால் உள்ள போகும்னு தெரியாது. தேவ்ராம் ரெண்டு தடவை விழுந்தான். விசில் ஊதி ஊதி என் உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. நீங்க மேல நின்னு காப்பி டம்ளரைக் கையில புடிச்சுக்கிட்டு பாத்துக்கிட்டிருந்தீக. எனக்கு அந்த டம்ளர் இப்பவும் கண்ணுல நிக்குது. ஆவி பறந்துக்கிட்டிருந்துச்சு.

அந்தத் தாளை நான் ஆபீஸ்ல குடுக்கலை. ஒங்க மேல இரக்கப்பட்டுன்னு நெனச்சுக்கிறாதீக. குடுத்தா அது போலீஸ் கேஸா மாறும், நான் சாட்சின்னு வருஷக்கணக்கா அலையணும். அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம். நீங்க ஏன் தனித் தனித் தாளா எழுதினீகன்னு எனக்குத் தெரியும். ஒரே தாள்ல இருந்தா நான் பூராத்தையும் குடுத்துத்தான் ஆகணும். தனியா இருந்தா, மொத தாள் போதும்னு நான் முடிவு பண்ணுவேன். அப்புறம் ரெண்டாவது என்ன ஆச்சுன்னா, ‘நான் எழுதித்தான் குடுத்தேன், அவன் வெளியிடலை’ன்னு நீங்க நிம்மதியா இருந்துக்கலாம். சரக்கை என் தலையில ஏத்திவிடப் பாத்தீக. நல்ல வியாபாரம்தான் அக்கா. ஆனா நான் வாங்கலை.

தாளைத் திருப்பி இதுலயே வச்சிருக்கேன். ஆபீஸ்ல அதைக் கேக்க வேண்டியவர் யாரும் இல்லை. கேக்க வேண்டியவர் ஒங்க பக்கத்து நாக்காலியில கம்பை ஊணிக்கிட்டு உக்காந்திருக்காரு.

அய்யப்பன்


அருப்புக்கோட்டை
19.4.2025

தம்பி அய்யப்பனுக்கு,

ஒன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்துச்சு. கிழிக்கலை. நீ என்னைப் பத்தி எழுதினது அத்தனையும் சரி. டம்ளர் மட்டும் இல்ல, அந்தக் காப்பியைக் குடிக்கவும் செஞ்சேன்.

ரெண்டு நாள் தாளைக் கல்லாப்பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். வேலை இருக்கு, ஆள் இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில கடையைத் தெறக்காம நேரா அவரு வீட்டுக்குப் போனேன். மண்டியில வச்சுச் சொன்னா நாலு பேரு நடுவுல புகுந்து சமாதானம் பண்ணிருவாக. அது வேண்டாம்னு நெனச்சேன்.

அண்ணன் காலை நீட்டி உக்காந்திருந்தாரு. அவரு வீட்டம்மா காலுக்கு மருந்து போட்டுக்கிட்டு இருந்தாக. “வா ஒச்சம்மா, காப்பி குடிக்கிறியா?”ன்னாக. வேண்டாம்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டே தாளை வாசிச்சேன். ஒரு வரி விடலை. பனி மறைச்சிருச்சுன்னு மண்டியில சொன்னதும் பொய்னு கடைசியில வாயாலயே சேத்துச் சொன்னேன்.

மருந்துத் துணி பாதி சுத்தினபடி அப்படியே கெடந்துச்சு. அண்ணன் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

“ரெண்டு நாப்பதுக்கே தெரியுமா?”

“ரெண்டு பத்துக்கே தெரியும்ணே. ரெண்டு நாப்பதுக்குச் சொல்லியிருக்கணும்.”

“டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? ஒரு மணி நேரம் முந்தி சூடு காட்டியிருந்தா வெரல் தப்பிச்சிருக்கும்னாரு. நான் அந்தப் பய அய்யப்பனைத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்.” அதைச் சொல்லிட்டுத் தலையைச் செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு திட்டலை.

நாங்க ஊருக்குத் திரும்பி வந்த வாரம், ‘எம் புருஷனை மீட்டுக் குடுத்தவ’ன்னு சொல்லி அவரு வீட்டம்மா எனக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கட்டச் சொல்லிக் குடுத்தாக. அதை நான் கட்டவே இல்ல. பையில போட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன். “இது எனக்குச் சேராது மதினி”ன்னு நீட்டினேன். நம்ம பக்கம் யாரும் குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டாக, ஒனக்கே தெரியும். ‘அதெல்லாம் வேண்டாம், வச்சுக்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாக, அதை வச்சு நான் ரெண்டு வார்த்தை பேசிருவேன்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. ஒளிக்காம எழுதுறேன்.

அவுக எந்திரிச்சாக. கையில இருந்த மருந்தைச் சேலைத் தலைப்புல தொடச்சாக. பையை வாங்கி, உள்ள போய், பீரோவைத் தெறந்து வச்சுப் பூட்டினாக. சாவி திரும்புற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் வந்து காலுக்குத் துணியைச் சுத்த ஆரம்பிச்சாக.

நான் செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

ஒச்சம்மாள்